தானம் வந்த மாட்டின் பல்

"தானம் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். சும்மா கிடைத்ததில் குற்றம் குறை தேடாதே என்பது அதன் பொருள். கொடுத்தவர் மனம் நோகக் கூடாது என்ற நல்லெண்ணமும் அதில் இருக்கிறது. ஆனால் முகம் தெரியாத ஒருவருடைய கம்ப்யூட்டரிலிருந்து நம் கம்ப்யூட்டருக்கு ஒரு கோப்பு வந்து இறங்கும்போது மட்டும் இந்தப் பழமொழியைத் திருப்பித்தான் போட வேண்டும். பல்லைப் பார்க்காமல் எந்த மாட்டையும் கொட்டகையில் கட்டாதே! கடந்த கால் நூற்றாண்டின் கோப்புப் பகிர்வு வரலாறு நமக்குச் சொல்லும் பாடம் இதுதான்.

மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டபோது, "கேன்டீன் டீயைப் பற்றியும் கட் அடித்துப் போன சினிமாவைப் பற்றியும் எழுத நிறையப் பேர் இருக்காங்க, நீங்க உங்க லைன்ல ஏதாவது எழுதுங்க" என்றார்கள். என் லைன் கம்ப்யூட்டர். படிப்பு முடிந்த கையோடு 1999 முதல் 2006 வரை புத்தூர் நால்ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பிரவுசிங் சென்டரைக் கவனித்துக்கொண்டேன். நம் கல்லூரி மாணவர்கள், ஜி.எச்.சில் படுத்திருப்பவருக்காக வெளிநாட்டு மகனுக்கு மெயில் அனுப்ப வந்த உறவினர்கள், வேலைக்கு மனுப் போட வந்த பட்டதாரிகள் என்று பலரும் வருவார்கள். அங்கே தினமும் என் காதில் விழுந்த வாக்கியம் ஒன்றுதான்: "அண்ணே, இது ஓப்பன் ஆக மாட்டேங்குது!" அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எத்தனை பெரிய வரலாறு இருக்கிறது என்பதையே இங்கே எழுதுகிறேன்.

வாலும் பல்லும்

கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை எல்லாக் கோப்பும் ஒரே சாதிதான். பாட்டு, படம், கடிதம், புரோகிராம் எதுவானாலும் உள்ளே இருப்பது 0 முதல் 255 வரையிலான எண்களின் வரிசை. இது பாட்டு, இது கடிதம் என்று பிரித்துக் காண இரண்டு வழிகள் ஏற்பட்டன.

முதல் வழி, பெயருக்குப் பின்னால் ஒரு வாலை ஒட்டுவது. டெக் நிறுவனத்தின் பெரிய கம்ப்யூட்டர்களில் இருந்த இந்தப் பழக்கத்தை, 1974இல் கேரி கில்டால் உருவாக்கிய சி.பி.எம். இயங்குதளம் சின்னக் கம்ப்யூட்டருக்குக் கொண்டு வந்தது. பெயருக்கு 8 எழுத்து, ஒரு புள்ளி, வாலுக்கு 3 எழுத்து. 1981இல் வந்த எம்.எஸ். டாஸ் அதை அப்படியே எடுத்துக்கொண்டது. டி.எக்ஸ்.டி. என்றால் எழுத்து, இ.எக்ஸ்.இ. என்றால் புரோகிராம் என்று லேபில் நாம் மனப்பாடம் செய்தது இந்த வால்களைத்தான்.

இரண்டாவது வழி, கோப்பின் வாயைத் திறந்து பார்ப்பது. பெரும்பாலான கோப்பு வகைகள் தங்கள் முதல் சில எண்களில் ஒரு முத்திரையை வைத்திருக்கின்றன. இதற்கு மேஜிக் நம்பர் என்று பெயர். டாஸ் புரோகிராம் 'எம், இசட்' என்ற இரு எழுத்துகளில் தொடங்கும். அது மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரின் சுருக்கம். ஜிப் கோப்பு 'பி, கே' என்று தொடங்கும். அது 1989இல் பி.கே.ஜிப்பை வெளியிட்ட பில் காட்ஸின் பெயர். ஆக, நம் எல்லோருடைய கம்ப்யூட்டரிலும் இந்த இரண்டு மனிதர்களின் இனிஷியல் ஆயிரக்கணக்கான தடவை எழுதப்பட்டிருக்கிறது! யூனிக்ஸில் 1973இலேயே 'ஃபைல்' என்று ஒரு கட்டளை இருந்தது. வாலைப் பார்க்காது, உள்ளே பார்த்து வகையைச் சொல்லும். 1986, 87 வாக்கில் இயன் டார்வின் என்பவர் அதை யாரும் இலவசமாகப் பயன்படுத்தும்படி புதிதாக எழுதினார். இன்று லினக்ஸில் இருப்பது அந்த வழியில் வந்ததுதான்.

மணப்பாறை மாட்டுச் சந்தைக்குப் போனவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே வேண்டாம். விற்பவர் சொல்லும் வயதை வாங்குபவர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. நேரே வாயைத் திறந்து கீழ்த்தாடையைப் பார்ப்பார். ரெண்டு பல்லா, நாலு பல்லா, ஆறு பல்லா என்பதில் வயது தெரிந்துவிடும். வாலில் வண்ணக் கயிறு கட்டலாம். பல்லில் கட்ட முடியுமா?

1995இல் வந்த விண்டோஸ் 95 தெரிந்த வகைகளின் வாலைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்துவிட்டது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்ற எண்ணம்தான். அதன் பலனை 2000 மே 4ஆம் தேதி உலகமே அனுபவித்தது. பிலிப்பைன்ஸிலிருந்து கிளம்பிய 'லவ் லெட்டர்' வைரஸ், பெயரின் கடைசியில் டி.எக்ஸ்.டி., அதற்கும் பின்னால் வி.பி.எஸ். என்று இரட்டை வாலோடு மெயிலில் வந்தது. கடைசி வாலை விண்டோஸ் மறைத்ததால் படிப்பவர் கண்ணுக்கு வெறும் கடிதமாகத் தெரிந்தது. திறந்தால், அது ஒரு புரோகிராம்!

கேட்டதெல்லாம் கொடுக்கும் கற்பகத்தரு

மெயிலில் வருவது தெரிந்தவர் பெயரிலாவது வரும். முகமே தெரியாதவர்கள் நேரடியாகக் கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வலைகள் வந்தபோது கதை முற்றியது. 1999 ஜூனில் ஷான் ஃபேனிங் என்ற கல்லூரி மாணவர் வெளியிட்ட நாப்ஸ்டர்தான் ஆரம்பம். என் கம்ப்யூட்டரில் உள்ள பாட்டை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம், உங்களுடையதை நான். பகிரப்பட்டதில் பெரும்பகுதி பிறர் உரிமை கொண்ட பாட்டுகள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். அந்த வழக்கால்தான் 2001 ஜூலையில் அதன் சேவை நின்றுபோனது.

நாப்ஸ்டரில் எம்.பி.3 கோப்புகளை மட்டுமே பகிர முடியும். இந்த எம்.பி.3 இருக்கிறதே, அது பல் விஷயத்தில் கொஞ்சம் ஏடாகூடமான மாடு. அந்த வாலை ஜெர்மனியின் ஃபிரவுன்ஹோஃபர் ஆய்வாளர்கள் 1995 ஜூலை 14இல் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் கோப்பின் தலையில் தனி முத்திரை எதையும் வைக்கவில்லை. ஒலி சின்னச் சின்னத் துண்டுகளாக வரும், ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் தொடர்ந்து 11 பிட்டுகள் 1 என்று இருக்கும், அவ்வளவுதான் அடையாளம். பாட்டின் பெயரையும் பாடியவரையும் எழுதும் ஐ.டி.3 குறிப்பு 1996இல் வந்தபோது அதைக் கோப்பின் கடைசி 128 பைட்டில் ஒட்டினார்கள். தலையில் இருக்க வேண்டிய விலாசம் காலில் இருந்தது!

2000இல் 'ராப்ஸ்டர்' என்று ஒரு சிறு புரோகிராம் கிளம்பியது. எந்தக் கோப்பையும் எம்.பி.3 போல வேஷம் போட்டு நாப்ஸ்டருக்குள் அனுப்பிவிடும். படமோ புரோகிராமோ பாட்டு என்று சொல்லிக்கொண்டு உள்ளே போகும். மறுமுனையில் வேஷத்தைக் கலைத்து எடுத்துக்கொள்வார்கள். வாசலில் நின்ற காவல்காரர் வாலை மட்டும் பார்த்தார் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அதே ஆண்டு மார்ச் 14இல் நூடெல்லா வந்தது. இங்கே நடுவில் காவல்காரரே கிடையாது. எந்த வகைக் கோப்பும் போகலாம். "இந்தப் பெயரில் யாரிடமாவது இருக்கா?" என்று கேட்டால் கேள்வி கம்ப்யூட்டர் கம்ப்யூட்டராகக் கைமாறிப் போகும். இருப்பவர் பதில் சொல்வார். பதிலை யாரும் சரிபார்ப்பதில்லை. 2001 பிப்ரவரியில் 'மாண்ட்ரகோர்' என்ற புழு இதைப் பயன்படுத்திக்கொண்டது. நீங்கள் எந்தப் பெயரைத் தேடினாலும் "அது என்கிட்ட இருக்கே!" என்று சொல்லும். தேடிய பெயருக்குப் பின்னால் இ.எக்ஸ்.இ. என்ற வாலை ஒட்டித் தன்னையே கொடுக்கும். இளையராஜா என்று கேட்டாலும் அதுதான், எம்.எஸ்.வி. என்று கேட்டாலும் அதுதான். அளவு எப்போதும் 8,192 பைட். சாதாரண 128 கிலோபிட் தரத்தில் 8,192 பைட் என்பது அரை விநாடிப் பாட்டுக்குத்தான் காணும். பல்லைப் பார்க்கக்கூட வேண்டாம், எடை போட்டுப் பார்த்தாலே குட்டு வெளிப்பட்டிருக்கும்.

சென்டரில் டயல்-அப் காலம் அது. ஐந்து நிமிடப் பாட்டு ஒன்று இறங்க, லைன் நன்றாக இருந்தாலே கால் மணி நேரம் ஆகும். கால் மணி நேரம் காசு கொடுத்துக் காத்திருந்த பையன், வந்தது பாட்டா வேறு ஏதாவதா என்று யோசிப்பானா? ஆவலில் டபுள் கிளிக் செய்துவிடுவான். ஏமாற்றுகிறவர்கள் நம்பியிருந்தது மனித மனத்தின் இந்த ஆவலைத்தான்.

வாய் இன்னும் வந்து சேரவில்லை

அடுத்து வந்தவர்கள் கொஞ்சம் புத்திசாலிகள். 2001இல் பிராம் கோஹன் பிட்டொரண்ட்டை வெளியிட்டார். அதில் கோப்பு சின்னத் துண்டுகளாக, பல பேரிடமிருந்து ஒரே நேரத்தில் வரும். ஒவ்வொரு துண்டுக்கும் கணித முறையில் எடுத்த கைரேகை ஒன்று முன்கூட்டியே கொடுக்கப்பட்டிருக்கும். ரேகை ஒத்துவராத துண்டு தூக்கி எறியப்படும். இதற்கு நேர்மாறாக, அன்று பிரபலமாக இருந்த கசா கோப்பு முழுவதற்கும் ரேகை எடுக்காமல் ஆங்காங்கே சில பகுதிகளுக்கு மட்டும் எடுத்தது. இடைவெளியில் குப்பையைக் கொட்டினாலும் அதற்குத் தெரியாது.

ஆனால் கைரேகை எதை நிரூபிக்கிறது? அனுப்பியதும் வந்ததும் ஒன்றே என்பதை மட்டும்தான். அனுப்பியது என்ன வகை என்பதை அது சொல்லாது. போலியான கோப்பும் கைரேகை பிசகாமல் பத்திரமாக வந்து சேரும்!

துண்டுகளில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. அவை வரிசையாக வருவதில்லை. முதுகு வரும், வால் வரும், பின்னங்கால் வரும், வாய் மட்டும் வந்திருக்காது. வாய் வராத மாட்டுக்குப் பல்லை எப்படிப் பார்ப்பது? 2002இல் தொடங்கிய ஈமியூல் என்ற மென்பொருளில் இதற்கென்றே ஒரு வசதி இருந்தது. முதல் துண்டையும் கடைசித் துண்டையும் முதலில் வாங்கு என்று சொல்லிவிடலாம். ஏ.வி.ஐ. படங்களுக்கு அட்டவணை கடைசியில் இருப்பதால் இரண்டு முனையும் தேவைப்பட்டது.

படம் என்றதும் இன்னொரு தொல்லை. ஏ.வி.ஐ. என்பது பெட்டியின் பெயர்தானே தவிர உள்ளே இருக்கும் சரக்கின் பெயர் அல்ல. டிவ்எக்ஸ் முறையில் சுருக்கியிருந்தால் அதைப் பிரிக்கும் கோடெக் வேண்டும். இல்லாவிட்டால் வசனம் கேட்கும், திரை கறுப்பாக இருக்கும். நம் ஊரில் வி.சி.டி. கொடிகட்டிப் பறந்த நாள்களில், அதிலிருந்து காப்பி செய்த டி.ஏ.டி. கோப்பை எம்.பி.ஜி. என்று பெயர் மாற்றினாலே ஓடியதைப் பலர் பார்த்திருப்பீர்கள். சரக்கு சரிதான், வால்தான் தப்பு! வால் எதுவானாலும் உள்ளே பார்த்து ஓட்டும் வி.எல்.சி. பிளேயர் 1996இல் பாரிஸில் ஒரு கல்லூரி மாணவர்களின் புராஜெக்டாகத் தொடங்கி, 2001இல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. இந்நாள் மாணவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். புராஜெக்ட் என்றால் மார்க்குக்கு மட்டும் என்று யார் சொன்னது?

ஐ.ஐ.டி.கள் உட்பட நம் நாட்டுப் பொறியியல் கல்லூரி விடுதிகளில் டி.சி. பிளஸ் பிளஸ் ராஜ்யம் நடந்ததும் 2000களில்தான். அங்கே ஒரு நன்மை இருந்தது. கோப்பு கொடுத்தவன் மூன்றாவது ரூமில் இருப்பான். திறக்கவில்லை என்றால் கதவைத் தட்டி, "டேய், இது என்னடா?" என்று கேட்டுவிடலாம். கொடுத்தவரைக் கேட்க முடிகிறவரை எந்தக் கோப்பும் அநாதை ஆவதில்லை. இந்த வரியை மனத்தில் வைத்துக்கொண்டு அடுத்த பகுதிக்கு வாருங்கள்.

தமிழ்க் கோப்பின் தனிக்கதை

இதுவரை சொன்னது உலகக் கதை. வாலும் பல்லும் இரண்டுமே சரியாக இருந்தும் மாடு அடையாளம் தெரியாமல் போவது நம் தமிழுக்கு நேர்ந்த கதை.

யூனிகோடில் 1991இலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் சாதாரண கம்ப்யூட்டரில் அதைப் பயன்படுத்த விண்டோஸ் 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை என்ன செய்தோம்? ஒவ்வொருவரும் ஒரு எழுத்துருவைத் தயாரித்து, ஆங்கில எழுத்து இருந்த இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தார்கள். பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 'தமிழ்' என்று அடித்தால் கோப்பில் பதிவாவது ஆங்கில எழுத்துகளான ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி. பாமினி இருக்கும் கம்ப்யூட்டரில் அது தமிழ். இல்லாத கம்ப்யூட்டரில் பூச்சி பறந்தது போல ஏதோ ஒன்று. ஒரு சென்டரில் அடித்ததை அடுத்த தெரு சென்டரில் திறக்க முடியாத கொடுமையை நாம் எல்லோரும் அனுபவித்தோம்.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்கப் பலர் பாடுபட்டார்கள். 1997இல் சிங்கப்பூரிலும் 1999 பிப்ரவரியில் சென்னையிலும் தமிழ்நெட் மாநாடுகள் கூடின. சென்னை மாநாட்டின் பயனாகத் தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு தரங்களை அறிவித்தது. உலகத் தமிழர்கள் பலர் திஸ்கி என்ற இன்னொரு முறையைப் பின்பற்றினார்கள். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம், தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர்கள் கையால் தட்டச்சு செய்து இலவசமாகக் கொடுத்தது. காலம் மாற மாற அந்த நூல்களைத் திஸ்கிக்கும் பின்னர் யூனிகோடுக்கும் மாற்றிக்கொண்டே வந்தார்கள். அதனால்தான் அவை இன்றும் படிக்கக் கிடைக்கின்றன. 2010இல் தமிழக அரசும் யூனிகோடை ஏற்றுக்கொண்டது.

அப்படி மாற்ற ஆளில்லாத கோப்புகள் என்ன ஆயின? அவற்றின் வால் டி.எக்ஸ்.டி. 'ஃபைல்' கட்டளையைக் கேட்டால் "ஆஸ்கி எழுத்து" என்று பதில் வரும். இரண்டும் பொய் இல்லை. ஆனாலும் ஒரு வரி படிக்க முடியாது. வெறும் எழுத்துக் கோப்பு எழுத்துருவின் பெயரைத் தன்னுள் வைத்திருப்பதில்லை. அந்தப் பெயர் இருந்த ஒரே இடம் தட்டச்சு செய்தவரின் தலை.

நம் மலரின் மூன்று ஃப்ளாப்பிகள்

இது வெறும் ஏட்டுச் சுரைக்காய் அல்ல என்பதற்கு நம் வீட்டுக் கதை ஒன்று. 2001 சங்கமத்துக்காகத் தட்டச்சு செய்த கட்டுரைகள் உள்ள மூன்று ஃப்ளாப்பிகள் ஒரு நண்பர் வீட்டு அலமாரியில் கிடைத்தன. அந்த ஆண்டு மலரின் அச்சுப் பிரதி ஒன்றுகூட இப்போது நம் சங்கத்தில் இல்லை. ஒரு ஃப்ளாப்பி பூஞ்சை பிடித்துப் போய்விட்டது. மற்ற இரண்டில் 11 கோப்புகள் உயிரோடு இருந்தன. எல்லாம் டி.எக்ஸ்.டி. எந்த எழுத்துரு என்று சொல்ல ஆளில்லை. தட்டச்சு செய்த கடை மூடி வெகுநாளாகிறது.

எழுத்துரு மாற்றும் கருவிகள் இன்று இலவசமாகக் கிடைக்கின்றன. ஆனால் எதிலிருந்து மாற்ற வேண்டும் என்று நாம் சொன்னால்தான் பல கருவிகள் வேலை செய்யும். அப்போது எனக்குக் கைகொடுத்தது நம் ஊரின் பெயர். திருச்சிக் கல்லூரி மலரில் 'திருச்சி' என்ற சொல் வராமல் இருக்குமா? அந்தக் காலத்து எழுத்துருக்கள் பலவற்றில் அதற்கு ஏழு குறிகள்: த, கொக்கி, ரு, ச, புள்ளி, ச, கொக்கி. அதாவது இரண்டாவதும் ஏழாவதும் ஒன்றாக இருக்க வேண்டும், நான்காவதும் ஆறாவதும் ஒன்றாக இருக்க வேண்டும். தேடியதும் முதல் கோப்பிலேயே கிடைத்தது: ஜே, பி, பெரிய யூ, ஆர், அரைப்புள்ளி, ஆர், பி. சந்தேகமே இல்லை, பாமினி! மாட்டின் பல்லில் ஊர்ப் பெயரே எழுதியிருந்தது.

மாற்றிப் பார்த்தபோது ஒன்பதாவது கோப்பு, வேதியியல் லேபில் 31 ஆண்டுகள் உதவியாளராக இருந்த ஐயா எழுதிய கட்டுரை. அவர் இன்று நம்மிடையே இல்லை. அவர் எழுதியது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். எந்த ஆண்டு எந்த மாணவர் எத்தனை பியூரெட் உடைத்தார், யாருக்காக அபராதத்தைத் தன் சட்டைப் பையிலிருந்து கட்டினார் என்றெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதியிருக்கிறார். அவருடைய குடும்பத்தாரின் அனுமதியுடன் அது இந்த மலரில் மீண்டும் வருகிறது. படித்துப் பாருங்கள். உங்கள் பெயரும் இருக்கலாம்!

இந்நாள் மாணவர்களுக்கு

தம்பி, தங்கைகளே, "இதெல்லாம் அந்தக் காலம்" என்று நினைத்துவிடாதீர்கள். வலைகளின் பெயர்தான் மாறியிருக்கிறது. 2024இல் வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை என்று வந்த கோப்புகளைப் பற்றி நம் நாட்டுக் காவல்துறையினர் எச்சரித்தார்கள். அவற்றின் வால் ஏ.பி.கே. அதாவது போனில் ஏறி உட்காரும் ஆப். பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப்.பாகவோ வர வேண்டும், ஆப்பாக ஏன் வருகிறது? திறப்பதற்கு முன் இந்த ஒரு கேள்வி போதும். பணம் போய்விட்டால் உடனே 1930க்கு அழையுங்கள். இன்னொன்றும் கேளுங்கள். ஏ.பி.கே.யும் வேர்டு டாக்எக்ஸும் உள்ளுக்குள் ஜிப் கோப்புகளே. இரண்டும் அதே 'பி, கே' என்றுதான் தொடங்கும். ஆகவே முதல் பல்லை மட்டும் பார்த்தும் முடிவு கட்ட முடியாது. உள்ளே இன்னும் கொஞ்சம் பார்க்க வேண்டும், முடிந்தால் கொடுத்தவரையே கேட்க வேண்டும்.

முன்னாள் மாணவர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் வீட்டுப் பரணில் பழைய ஃப்ளாப்பி, சி.டி. ஏதாவது இருந்தால் சங்கம நாளன்று எடுத்து வாருங்கள். நாடகப் பிரதியோ கவிதையோ துறை விழா அழைப்போ, எதுவானாலும் சரி. கூடவே ஒரு துண்டுச் சீட்டில் மூன்றே விஷயங்களை எழுதி ஒட்டுங்கள்: எந்த ஆண்டு, யார் அடித்தது, எந்த எழுத்துரு. எழுத்துரு தெரியாவிட்டால் அடித்தவரின் பெயராவது போதும், போன் செய்து கேட்டுக்கொள்ளலாம். கேட்பதற்கு அவர்கள் இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்பதுதான் என் அவசரம். பதிவு மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஃப்ளாப்பி டிரைவோடு காலை 9 மணியிலிருந்து உட்கார்ந்திருப்பேன்.